கல்லுக்கு ஏது நோக்கு?

கேள்வி: ஆபத்தான விண்கற்கள் பூமியை நோக்கி வந்துகொண்டே இருப்பதாகவும், நாம் மயிரிழையில் தப்பிக்கொண்டே இருப்பதாகவும் மாதம் ஒரு செய்தி வருகிறது. ஒருநாள் தப்பாமல் போய்விட்டால்? வேறு நட்சத்திரத்துக்குப் போக விண்கலத் திட்டங்களெல்லாம் போட்டிருக்கிறார்களாமே, அவை எப்போது தயாராகும்? அதில் எனக்கும் ஓர் இடம் கிடைக்குமா?

- பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்

பதில்: பெயரை மறைத்துக்கொண்டீர்கள், பிழைத்தீர்கள். 'விண்கல்' என்று எழுதியதற்கு உங்களைப் பெயர் சொல்லியே திட்டியிருப்பேன். வானத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்வரை அது சிறுகோள். காற்றில் எரிந்துகொண்டு இறங்கினால் எரிகல். தரையில் விழுந்து கிடந்தால்தான் விண்கல். விழாததை விண்கல் என்பது, வேட்புமனு போட்டவரையெல்லாம் மந்திரி என்று கூப்பிடுவதைப் போல. பத்து வருடமாக இதை இந்தப் பக்கத்தில் எழுதி வருகிறேன். 'சிறுகோள் அல்ல, குறுங்கோள் என்பதே சரி' என்று ஒரு தமிழாசிரியரும் பத்து வருடமாகப் பதில் எழுதி வருகிறார். இந்த வாரமும் எழுதுவார். எழுதட்டும்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். 'பூமியை நோக்கி' என்கிறீர்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. கல்லுக்கு ஏது நோக்கு? அது சூரியனைச் சுற்றித் தன் பாட்டுக்குப் போகிறது. நாமும் விநாடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் நம் பாட்டுக்குப் போகிறோம். இரண்டு பாதைகளும் ஓரிடத்தில் குறுக்கிட்டு, இருவரும் ஒரே நேரத்தில் அங்கே போய்ச் சேர்ந்தால் மோதல். அந்தக் கல்லின் மேல் உட்கார்ந்து பார்த்தால் நாம்தான் அதை நோக்கிப் பாய்ந்து வருகிறோம். 'ஆபத்தான' என்பதும் ஒரு பட்டியலின் பெயர்தான். அதன் பாதை பூமியின் பாதைக்கு 75 லட்சம் கிலோமீட்டருக்குள் வர வேண்டும், குறுக்களவு சுமார் 140 மீட்டருக்குக் குறையக் கூடாது. இரண்டும் பொருந்தினால் பட்டியலில் ஏற்றிவிடுவார்கள். மோதப்போகிறது என்று அதற்குப் பொருள் இல்லை, கண் வைத்திருங்கள் என்று பொருள்.

75 லட்சம் கிலோமீட்டர் என்பது நிலா இருக்கும் தூரத்தைப் போல ஏறக்குறைய 20 மடங்கு. இந்த ரகத் தூரத்தில் கடந்து போனதற்குத்தான் 'மயிரிழையில் தப்பியது பூமி' என்று தலைப்புப் போடுகிறார்கள். நான் விடுப்பில் இருந்த ஒரு வாரம் நம் இதழிலேயே அப்படி ஒரு தலைப்பு வந்துவிட்டது. திரும்பி வந்ததும் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு முடியின் தடிமன், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. தலையின் அகலத்தைத் தாராளமாக 20 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஆக, தலை என்பது 2,000 மயிரிழை. ஒரு மயிரிழை 75 லட்சம் கிலோமீட்டர் என்றால் தலை 1,500 கோடி கிலோமீட்டர். நெப்ட்யூன் சுற்றுகிற வட்டத்தின் குறுக்களவே சுமார் 900 கோடிதான். அத்தனை கோள்களையும் உள்ளே அடைத்த பிறகும் 600 கோடி கிலோமீட்டர் காலியாகக் கிடக்கும். காலித் தலைகள் பலவற்றோடு வேலை பார்த்திருக்கிறேன், இந்த அளவில் பார்த்ததில்லை. விநாடிக்கு 17 கிலோமீட்டர் ஓடுகிற வாயேஜர் 1 விண்கலம் இந்தத் தலைக்குள் ஒரு காது வழியாகப் புகுந்து மறு காது வழியாக வெளியேற 28 வருடம் ஆகும். தலைப்புப் போட்ட உதவி ஆசிரியரைக் கூப்பிட்டு இதையெல்லாம் காட்டினேன். 'ஷாம்பு எவ்வளவு சார் ஆகும்?' என்று கேட்டார். இப்போது அவர் ஒரு தொலைக்காட்சியில் அறிவியல் செய்திகளுக்குப் பொறுப்பாளர். நீங்கள் மாதாமாதம் பார்ப்பது அவர் கைவேலையாகக்கூட இருக்கலாம்.

நிஜமாகவே நெருங்கி வருகிற ஒன்று உண்டு. அபோஃபிஸ். 2029 ஏப்ரல் 13, வெள்ளிக்கிழமை, தரையிலிருந்து சுமார் 32,000 கிலோமீட்டரில் கடக்கப்போகிறது. தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள்கள் நிற்கிற உயரத்தைவிடவும் கீழே. அது அன்றைக்கு மோத 2.7 சதவீத வாய்ப்பு என்று 2004 டிசம்பரில் கணக்கு வந்தது. இப்போது, இன்னும் நூறு வருடத்துக்காவது மோதாது என்று உறுதியாகிவிட்டது. 2024 ஒய்ஆர்4 என்ற இன்னொன்றும் இதே கூத்தைக் காட்டியது. 2025 பிப்ரவரியில் 3.1 சதவீதம் வரை ஏறி, ஒரு வாரத்துக்குள் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் விழுந்தது. விஞ்ஞானிகள் மாற்றி மாற்றிப் பேசுகிறார்கள் என்று இரண்டு வாசகர்கள் கொதித்தெழுந்து கடிதம் போட்டார்கள். சாவி தொலைந்த வீட்டில் பத்து அறை இருந்தால், ஒவ்வோர் அறைக்கும் பத்து சதவீத வாய்ப்பு. ஏழு அறையைத் தேடி முடித்தால் மிச்சமுள்ள ஒவ்வொன்றுக்கும் 33 சதவீதம் ஆகிவிடும். சாவி நகரவே இல்லை, தேடும் இடம்தான் சுருங்கியது. சிறுகோளின் பாதையை அளக்க அளக்க நடப்பதும் இதுதான். அடுத்த கதவைத் திறந்து, அங்கே இல்லை என்றால் அந்த அறைக்குப் பூஜ்யம். இதில் யார் மாற்றிப் பேசியது?

நோக்கு விஷயத்துக்கு வருகிறேன். நோக்க வேண்டியது நாம். இந்த விவகாரத்தில் உருப்படியான ஒரே 'நோக்கி' தொலைநோக்கிதான். அதற்கும் ஒரு குருட்டுப் பக்கம் உண்டு. 2013 பிப்ரவரி 15 அன்று ஒரு சிறுகோள் 27,700 கிலோமீட்டரில் கடக்கப்போவது முன்கூட்டியே தெரிந்திருந்ததால் வானியல் உலகமே அதற்காகக் காத்திருந்தது. அதே நாள் காலையில் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே, சம்பந்தமே இல்லாத இன்னொன்று வந்து வெடித்தது. ஏறக்குறைய 20 மீட்டர். வந்தது சூரியன் இருக்கும் திசையிலிருந்து, அதனால் ஒரு தொலைநோக்கியிலும் சிக்கவில்லை. சுமார் 1,500 பேருக்குக் காயம். கல் விழுந்து அல்ல, கண்ணாடி உடைந்து. பளீரென்று ஒளி அடித்ததும் என்னவென்று நோக்க ஜன்னலுக்குப் போனார்கள். அதிர்வலை பின்னால் வந்தது. வானத்தில் அப்படி ஒரு வெளிச்சம் தெரிந்தால் ஜன்னலை விட்டு விலகுங்கள். உங்கள் கேள்விக்கு என்னிடம் உள்ள பதில்களில் உடனே உபயோகப்படக்கூடியது இதுதான்.

140 மீட்டருக்கு மேற்பட்டவற்றில் இதுவரை பாதிகூடப் பட்டியலுக்கு வரவில்லை. கண்டுபிடித்துவிட்டால் தள்ளிவிடவும் முடியும். 2022 செப்டம்பர் 26 அன்று நாசாவின் டார்ட் கலம் டைமார்ஃபஸ் என்ற குட்டிச் சிறுகோளில் விநாடிக்கு 6 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் போய் முட்டியது. அது தன் பெரியண்ணனான இன்னொரு சிறுகோளைச் சுற்றிவர எடுக்கும் நேரம் 73 விநாடி மாறினாலே வெற்றி என்று வைத்திருந்தார்கள். 32 நிமிடம் குறைந்தது. இதற்கு ஒரு தொலைக்காட்சியும் 'அதிர்ச்சித் தகவல்' போடவில்லை.

நீங்களோ தள்ளுவதைக் கேட்கவில்லை, ஓடுவதைக் கேட்கிறீர்கள். சூரியனுக்கு அடுத்த நட்சத்திரம் ப்ராக்சிமா, 4.24 ஒளியாண்டு, அதாவது ஒளியே போய்ச் சேர 4.24 வருடம் ஆகும் தூரம். வாயேஜர் வேகத்தில் போனால் 75,000 வருடம். 140 மீட்டர் ரகச் சிறுகோள் ஒன்று பூமியில் மோதுவது சராசரியாக 20,000 வருடத்துக்கு ஒருமுறை. நீங்கள் போய்ச் சேருவதற்குள் நாங்கள் இங்கே மூன்று முறை அடி வாங்கி எழுந்திருப்போம்.

வாயேஜர் என்றதும் கடிதக்கட்டு ஒன்று மேஜையில் வந்து விழும். தெரிந்ததுதான். அந்தக் கலத்தில் வைத்து அனுப்பிய தங்க ஒலித்தட்டில் 55 மொழிகளில் வணக்கம் இருக்கிறது, தமிழ் இல்லை. தெலுங்கு ஏறிவிட்டது, கன்னடம் ஏறிவிட்டது, பேச ஆளே இல்லாத சுமேரியமும் அக்காடியமும் ஏறிவிட்டன. நாசாவுக்குக் கண்டனம் எழுதச் சொல்லி எனக்கு வருடம் தவறாமல் கடிதம் வருகிறது. 1977 புறப்பாட்டுக்கு முன்னால், வானியலாளர் கார்ல் சேகனின் குழு பெரும்பாலும் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிடைத்த ஆட்களைப் பிடித்து அவசர அவசரமாகப் பதிவு செய்த தட்டு அது. அந்தக் கலம் இன்னொரு நட்சத்திரத்துக்குச் சற்று அருகே, அதாவது 1.6 ஒளியாண்டு தள்ளி, போகவே இன்னும் 40,000 வருடம் ஆகும். கண்டனத்தை நிதானமாகவே எழுதலாம். ஒற்றுப் பிழை இல்லாமலும் எழுதலாம்.

ஓடுவதற்கு வேறு வழி யோசித்தவர்கள் இருக்கிறார்கள். 1970களில் பிரிட்டிஷ் கோளிடைச் சங்கம் 'டீடலஸ்' என்று ஒரு கலத்தைத் தாளில் வடிவமைத்தது. எடை 54,000 டன், அதில் 50,000 டன் எரிபொருள். அந்த எரிபொருளில் ஒரு பகுதியான ஹீலியம்-3ஐ வியாழன் கோளின் காற்றிலிருந்து வடித்தெடுக்க வேண்டும். ஒளியின் வேகத்தில் 12 சதவீதம், பர்னார்டு நட்சத்திரத்துக்கு 50 வருடப் பயணம். இவ்வளவும் செய்துவிட்டு, பிரேக் வைக்கவில்லை. போய்ச் சேர்ந்ததும் நட்சத்திரத்தை ஒரு பார்வை பார்த்தபடியே தாண்டிப் போய்விடும். தப்பி ஓடுகிறவருக்கு இறங்க ஒரு நிறுத்தமாவது வேண்டாமா?

2016இல் கோடீஸ்வரர் யூரி மில்னரும் இயற்பியலாளர் ஸ்டீஃபன் ஹாக்கிங்கும் அறிவித்த 'பிரேக்த்ரூ ஸ்டார்ஷாட்' நேர் எதிர்த் திசை. கிராம் கணக்கில் ஒரு மின்னணுச் சில்லு, அதற்குப் படகுப் பாய் மாதிரி ஒரு பாய், தரையிலிருந்து லேசர் அடித்து ஒளி வேகத்தில் 20 சதவீதத்துக்கு உந்துவது, ஆல்ஃபா சென்டாரிக்கு 20 சொச்சம் வருடம். அறிவித்த நாளில் இருந்த சத்தம் இப்போது இல்லை. எனக்கு இதில் பிடித்த கணக்கு வேறு. விநாடிக்கு 60,000 கிலோமீட்டரில் போகிற ஒரே ஒரு கிராம் எங்காவது முட்டினால் 400 டன்னுக்கு மேற்பட்ட டிஎன்டி வெடித்த மாதிரி இருக்கும். அதிலும் பிரேக் கிடையாது. அங்கே யாராவது குடியிருந்தால், நம் உதவி ஆசிரியரின் தலைப்பை அவர்கள் தாராளமாக உபயோகித்துக்கொள்ளலாம். 'நோக்கி' என்ற சொல்லும் அன்றைக்குச் சரியாக இருக்கும். குறிபார்த்து அனுப்பியதாயிற்றே.

கடைசியாக இடம் கேட்டிருந்தீர்கள். உங்கள் கடிதத்தை உறையோடு அலுவலகத் தராசில் வைத்துப் பார்த்தேன். 12 கிராம். இதற்கே இடமில்லை.