கைப்பக்குவமா, அவசரமா?

கேள்வி: பாலக்கோடு பக்கத்துக்காரன். ஓசூரில் அறை எடுத்துத் தங்கி வேலை பார்க்கிறேன். மூன்று முறை ராகிக் களி கிண்டிப் பார்த்துவிட்டேன். முதல் தடவை கட்டி கட்டியாக மாவு, அடுத்து பச்சை வாடை, கடைசியில் கூழ். கொதிக்கிற தண்ணீரில் மாவைக் கொட்டி விடாமல் கிண்டத்தான் செய்கிறேன். கைப்பக்குவம் இல்லாதவனுக்குச் சமையல் வராதுதானே?

பதில்: வரும். பழியைக் கைமேல் போடாதீர்கள். மாவைக் கொட்டியதும் கிண்டினீர்களே, அங்கேதான் கெட்டது. கொதிநீர் பட்டதும் மாவின் மேற்புறம் வெந்து பசையாகிவிடும். அந்தப் பசையைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போகாது. அப்புறம் எவ்வளவு கிண்டினாலும் கட்டி சிறுசாகுமே ஒழிய கரையாது.

ஒரு டம்ளர் மாவுக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர். நம் பக்கத்தில் அரிசி நொய் போடுவது வழக்கம். கை பழகும்வரை அது வேண்டாம், தண்ணீர்க் கணக்கு குழம்பும். முதலில் இரண்டு ஸ்பூன் மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து, உப்புப் போட்டுக் கொதிக்கும் நீரில் ஊற்றிக் கலக்குங்கள். அது கஞ்சிபோல் தளதளவென்று கொதிக்கும்போது மீதி மாவை நடுவில் குவியலாகக் கொட்டுங்கள். தொடாதீர்கள். துடுப்புக் காம்பால் குவியலில் நாலைந்து துளை மட்டும் போட்டு, தீயைக் குறைத்து மூடி, ஐந்தாறு நிமிடம் விடுங்கள். துளை வழியே கொதிநீர் ஏறி மாவு உள்ளேயும் வேகும்.

பிறகு பாத்திரத்தை இறக்கித் தரையில் வைத்து, துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஓரத்தோடு அழுத்தித் தேய்த்துக் கிண்டுங்கள். அடுப்பின்மேல் வைத்தே கிண்டினால் பாத்திரம் கவிழும், கை வெந்துபோகும். குழம்புக் கரண்டி வளைந்துவிடும். மரத்துடுப்பு ஒன்று வாங்கிவிடுங்கள். மெல்லிய எவர்சில்வர் பாத்திரமும் ஆகாது, அடி பிடிக்கும்.

கிண்டியதை மறுபடி சிறு தீயில் மூடி மூன்று நிமிடம் வையுங்கள். உங்கள் பச்சை வாடைக்கு மருந்து இதுதான். நனைத்த விரலால் தொட்டால் ஒட்டக் கூடாது. இறுகினால் கொதிநீர்தான் தெளிக்க வேண்டும்.

கூழாகிவிட்டால் மேலே மாவைத் தூவாதீர்கள், அது வேகாமலே நிற்கும். நன்றாக வேகவிட்டு ஆறவைத்து, காலையில் மோரும் உப்பும் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு குடியுங்கள்.