கடற்கரை ஹோட்டலுக்குக் கமராவோடு போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

பெந்தோட்டையில் ஒரு கடற்கரை ஹோட்டலில் குடும்பத்தோடு தங்கி எடுத்த படங்களைக் காட்டியதிலிருந்து கொழும்பு நண்பர்கள் கேள்வி மேல் கேள்வியாக அனுப்புகிறார்கள். தங்குமிடம், சாப்பாடு, குடிவகை எல்லாம் ஒரே கட்டணத்தில் அடங்கும் 'ஓல் இன்க்ளூசிவ்' முறையில்தான் தங்கினோம். படமெடுப்பது என் தொழில். தெரிந்ததைச் சொல்கிறேன்.

வெள்ளவத்தையிலிருந்து: அண்ணா, இவ்வளவு காசு கட்டிப் போனால் படமெடுக்க நேரம் கிடைக்குமா? சாப்பாட்டு மேசையிலேயே நாள் போய்விடாதா?

கிடைக்கும் தங்கச்சி. வெளிச்சத்தின் நேரத்தையும் சாப்பாட்டு நேரத்தையும் பொருத்திப் பாருங்கள். நமது நாடு பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருப்பதால் சூரியன் விறுவிறுவென்று மேலே ஏறிவிடும். காலை எட்டரைக்குப் பிறகு எடுக்கும் முகங்களில் கண்குழி கறுத்துத்தான் விழும். பின்னேரம் நாலு மணி தாண்டும்வரை அதே கதைதான். மத்தியானச் சாப்பாடு அந்தக் கடும் வெயில் நேரத்தில் வருவது நல்லதற்கே. ஆறுதலாகச் சாப்பிட்டுவிட்டுப் படுங்கள்.

காலையில்தான் இடிக்கும். சூரியன் ஆறு மணியளவில் வந்துவிடும், காலைச் சாப்பாட்டை அதற்குப் பிறகுதான் வைப்பார்கள். முதல் நாள் இரவே சொல்லிவைத்தால் தேத்தண்ணியும் பணிஸும் கட்டித் தருவார்கள். பின்னேரம் சூரியன் மறைந்ததும் எல்லோரும் எழுந்து போவார்கள், நீங்கள் போகாதீர்கள். அதற்குப் பிறகு வரும் சுமார் இருபது நிமிடத்தில்தான் வானத்தின் நீலமும் ஹோட்டல் விளக்கின் மஞ்சளும் சமமாக நிற்கும். அதற்குள் எடுத்தால் உண்டு, பிறகு இருட்டுத்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஹோட்டல்காரர் கையில் விருந்தினர் அடையாளப் பட்டி கட்டிவிட்டால், 'காசு கட்டியாச்சே' என்று ஹோட்டல் மதிலுக்குள்ளேயே இருந்துவிடுவோம். அதை விடுங்கள். எனக்குப் பிடித்த படங்கள் எல்லாம் வெளியில் எடுத்தவை. பேருவளை மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு முதியவர் வலையிலிருந்து சூடை மீன்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார். மணிக்கட்டு வரை ஒட்டியிருந்த செதில்கள் சாய்ந்த வெயிலில் மின்னின. எடுக்கட்டுமா என்று கேட்டேன். தலையாட்டிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். நீச்சல் குளத்தை எத்தனை கோணத்தில் எடுத்தாலும் இது வராது.

கொட்டாஞ்சேனையிலிருந்து: எந்த மாதம், எந்தக் கரை?

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை மேற்கே பெந்தோட்டை, பேருவளை, ஹிக்கடுவை பக்கம் கடல் அமைதி. மே முதல் செப்டெம்பர் வரை கிழக்கே பாசிக்குடா, நிலாவெளி. மேற்கில் சூரியன் கடலில் மறையும், கிழக்கில் கடலிலிருந்து எழும். காலையில் எழும்ப மனமில்லாதவர்கள் மேற்கே போங்கள்.

பம்பலப்பிட்டியிலிருந்து: அறையை விட்டு வெளியில் வந்ததும் லென்ஸ் முழுக்கப் பனிமூட்டம் போல ஈரம் படிகிறதே, துடைக்கத் துடைக்க வருகிறது?

ஏசி அறையில் குளிர்ந்த கண்ணாடியில் கடற்கரையின் ஈரக்காற்று பட்டால் அப்படித்தான். துடைத்துப் பயனில்லை, கண்ணாடி சூடாகும்வரை வந்துகொண்டே இருக்கும். வெளியே போவதற்கு அரை மணித்தியாலம் முன்பே கமராவைப் பையில் மூடியபடி அறைக்கு வெளியே, நிழலில், உங்கள் கண் படும் இடத்தில் வைத்துவிடுங்கள். பையைத் திறக்க அவசரப்பட வேண்டாம். இரவில் ஏசி காற்று நேரே படாத அலுமாரிக்குள் வையுங்கள்.

அப்புறம், மணலில் நின்று லென்ஸ் மாற்றவே கூடாது. உப்புப் படிந்த கமராவைக் காய்ந்த துணியால் தேய்த்தால் கீறும். முதலில் ஊதி மணலைப் போக்கி, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி எடுங்கள்.

மட்டக்குளியிலிருந்து: கொக்கலைப் பக்கம் கடலில் நட்ட கம்பத்தில் உட்கார்ந்து மீன் பிடிப்பவர்களை எடுத்தால் காசு கேட்கிறார்களாமே, அது சரியா?

சரிதான் தம்பி. இப்போது அங்கே கம்பத்தில் ஏறுபவர்களில் பலர் படத்துக்காகவே ஏறுகிறார்கள், அது அவர்களின் பிழைப்பு. தொகையை முதலே பேசிவிட்டு எடுங்கள், ஒளித்து நின்று எடுக்காதீர்கள். ஹோட்டலுக்குள்ளும் இதே மரியாதை வேண்டும். குளத்தில் குளிக்கும் மற்றவர்களின் பிள்ளைகள் உங்கள் படத்தில் விழுந்தால் பெற்றோரிடம் கேளுங்கள், வேண்டாம் என்றால் அவர்கள் முன்னாலேயே அழியுங்கள். இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே இல்லை.

கொள்ளுப்பிட்டியிலிருந்து: போயா (பௌர்ணமி) நாளில் போனால் நட்டமா?

குடிப்பவர்களுக்கு நட்டம், அன்று மது விற்பனைக்குத் தடை. படமெடுப்பவருக்கு லாபம். மேற்குக் கரையில் போயா நாளை அண்டிய விடியலில் முழுநிலவு கடலுக்குள் இறங்கும், அதே நேரம் பின்னால் தென்னைகளுக்கு மேல் வானம் வெளிக்கும். நிலவு எரிந்து வெள்ளைப் பொட்டாகாமல் இருக்க, கமராவின் வெளிச்ச அளவை நிலவைப் பார்த்தே அமைத்து எடுங்கள்.

தெஹிவளையிலிருந்து: ட்ரோன் கொண்டுபோகலாமா?

சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் பதிவும் அனுமதியும் இல்லாமல் வேண்டாம். ஹோட்டலிலும் தனியாகக் கேளுங்கள்.

வெள்ளவத்தையிலிருந்து இன்னொருவர்: எங்களிடம் கார் இல்லை, எப்படிப் போவது?

கோட்டையிலிருந்து கரையோர ரயிலில் அளுத்கம வரை போங்கள், அங்கிருந்து ஓட்டோ பிடிக்கலாம். வலப்பக்க யன்னலோரம் இடம் பிடியுங்கள், கடல் அந்தப் பக்கம். கமராவை யன்னலுக்கு வெளியே நீட்ட வேண்டாம். வாரைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள்.