மின்னாற்பகுப்பு: கேளுங்கள், சொல்கிறேன்

பிளஸ் டூ மாணவி: சார், மின்சாரம் பாய்ச்சித் தண்ணீரை ஹைட்ரஜன், ஆக்சிஜனாகப் பிரித்துப் பார்த்தேன். சமையல் சோடா கரைத்த தண்ணீர், இரண்டு பென்சில் கரி, 9 வோல்ட் பேட்டரி. ஹைட்ரஜன் குழாய் நிறைந்தும் ஆக்சிஜன் பாதிகூட வரவில்லை. ஹைட்ரஜன் இரண்டு பங்கு, ஆக்சிஜன் ஒரு பங்கு, அதாவது 2:1 இல்லையா?

நன்றாகக் கவனித்திருக்கிறாய் அம்மா. விகிதம் சரிதான். நேர்முனையில் பிறக்கும் ஆக்சிஜன் கரியை அரித்து, கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடாகிவிடுகிறது. கரியைத் தடவிப் பார், சொரசொரப்பாக இருக்கும். பிளாட்டினம் முனை என்றால் 2:1க்குப் பக்கத்தில் வரும்.

உப்பு போட்டால் வேகமாக வருமே?

போடாதீர்கள். குளோரின் வரும், நுரையீரலுக்கு ஆகாது.

உப்புக் கரைசலில் சோடியம் ஏன் கிடைப்பதில்லை?

சோடியம் அயனியைவிடத் தண்ணீர் சுலபமாக எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளும். ஹைட்ரஜன் வாயுவாகப் போய்விடும், காஸ்டிக் சோடா என்ற காரம் மிஞ்சும். ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவியும் முதலில் கரைசல்களில்தான் முட்டி மோதினார். 1807ல் காஸ்டிக் பொட்டாஷ் (பொட்டாசியம் அடங்கிய காரம்) கட்டியைப் பிளாட்டினத் தட்டில் வைத்து, காற்றின் ஈரம் மட்டும் படவிட்டு மின்சாரம் பாய்ச்சினார். கட்டி உருகியது. அடியில் பாதரசம் போலத் துளிகள் பளபளத்தன. சில வெடித்து எரிந்தன. அதுதான் பொட்டாசியம். சில நாளில் சோடியமும் வந்தது. இன்று ஆலைகளில் உப்பையே உருக்கிப் பிரிக்கிறார்கள். 801 டிகிரியில் உருகும் உப்பு, கால்சியம் குளோரைடு கலந்தால் 600 டிகிரியிலேயே உருகிவிடும்.

ஸ்டீல் ஸ்பூன் போட்டேன், தண்ணீர் மஞ்சளாகிவிட்டது.

உடனே நிறுத்துங்கள். அதில் குரோமேட் இருக்கலாம், புற்றுநோய் தரும் நச்சு. கை படக்கூடாது, சாக்கடையில் ஊற்றவும் கூடாது. பள்ளி ஆய்வகத்தில் ஒப்படையுங்கள்.

கார் பேட்டரியில் தண்ணீரைப் பிரித்து இன்ஜினுக்கு விட்டால் மைலேஜ் கூடுமாமே?

கூடாது. 1 கிலோ ஹைட்ரஜன் பிரிக்க 50 யூனிட் மின்சாரமாவது போகும். எரித்தால் கிடைப்பது 33 யூனிட் வெப்பம். அதிலும் கால்வாசி, மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் போகும்.

டைனமோ எப்படியும் சுற்றுகிறதே சார், கரண்ட் சும்மாதானே?

சும்மா இல்லை தம்பி. கரண்ட் இழுக்க இழுக்க டைனமோ கனக்கும், இன்ஜின் கூடுதல் பெட்ரோல் குடிக்கும்.

என் நண்பருக்கு மைலேஜ் கூடியதே?

காசு செலவழித்து மாட்டியவர் ஆக்சிலேட்டரை மெதுவாகத்தான் மிதிப்பார். கருவியைக் கழற்றிவிட்டு, அதே சாலையில் அதே வேகத்தில் ஓட்டி, டேங்க் நிரப்பி அளக்கச் சொல்லுங்கள். வாயுவை மட்டும் பாட்டிலில் மூடிச் சேர்க்க வேண்டாம். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்திருந்தால் ஒரு பொறி போதும், வெடித்துவிடும்.

இதைப் படிப்பாகப் படிக்க முடியுமா?

காரைக்குடி சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) மின்வேதிப் பொறியியல் இருக்கிறது.

சார், கல் உப்பு போடலாமா?

கல் உப்பும் உப்புதான். வேண்டாம்.