கேமரா கேள்வி பதில்: பிராண்டா, லென்ஸின் எடையா?

கேள்வி: வேடந்தாங்கலில் பறவைகளைப் படமெடுக்க கேமரா வாங்கப் போகிறேன். சோனி, கேனன், நிகான் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எனக்குத் தோள்வலி உண்டு. டிரைபாட் தூக்கும் எண்ணமும் இல்லை. – வாசகர், மதுராந்தகம்

பதில்: பறவையின் கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஃபோகஸ் மூன்றிலுமே வந்துவிட்டது. அதனால் பாடியை, அதாவது லென்ஸ் இல்லாத கேமராவை, அப்புறம் பாருங்கள். உங்கள் தோள் தாங்கும் லென்ஸ் எந்த மவுன்ட்டில் (பாடியில் லென்ஸ் பொருந்தும் வாய், பிராண்டுக்கு பிராண்ட் மாறும்) கிடைக்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

சோனி ஏ7 ஃபோர் பாடி 658 கிராம். சோனியின் 200–600 மி.மீ. லென்ஸ் 2,115 கிராம். கையில் நிற்பது இரண்டே முக்கால் கிலோ! நிகானின் 180–600 லென்ஸ் 1,955 கிராம் என்பார்கள். அது டிரைபாட் காலரை (லென்ஸை டிரைபாடில் பொருத்தும் வளையம்) கழற்றிய எடை, மாட்டினால் 2,140. கடையில் எடை கேட்கும்போது காலரோடா, காலர் இல்லாமலா என்று கேளுங்கள்.

கேனன் ஆர்7 பாடி 612 கிராம், ஆர்எஃப் 100–400 லென்ஸ் 635 கிராம். இரண்டும் சேர்ந்தே ஒன்றேகால் கிலோதான். படத்தைப் பதியும் சென்சார் இதில் சிறியது என்பதால் 400 மி.மீ., ஃபுல் ஃப்ரேமில் (ஏ7 ஃபோரில் உள்ள பெரிய சென்சாரில்) 640 மி.மீ. காட்டும் அளவுக்கு நெருக்கமாகக் காட்டும். உங்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

இதற்கு விலை வெளிச்சத்தில். 400-இல் இந்த லென்ஸின் அப்பர்ச்சர், அதாவது ஒளி நுழையும் துளை, எஃப் 8. எண் கூடினால் துளை சிறியது. எஃப் 6.3 லென்ஸில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) 3200 போதுமான விடியற்காலையில் இதற்கு 5000 வேண்டும். சிறிய சென்சாரில் படத்தில் மணல்போன்ற புள்ளியும் கூடுதலாகத் தெரியும். கிளையில் அசையாமல் நிற்கும் நாரைக்கு ஷட்டர் வேகம் 1/250 நொடி போதும், பிழைத்துக்கொள்ளலாம். பறப்பதை எடுக்க 1/2000 வேண்டும். வெயில் ஏறும்வரை பொறுங்கள். பறக்கும்போது எலக்ட்ரானிக் ஷட்டர் வேண்டாம். ஆர்7 சென்சார் படத்தை வரிவரியாக மெதுவாக வாசிப்பதால் சிறகு வளைந்து விழும். மெக்கானிக்கல் ஷட்டரிலேயே நொடிக்கு 15 படம் வரும். இந்த லென்ஸுக்கு மழைக் காப்பு கிடையாது, ஹூடும் (முன்னால் மாட்டும் வெயில் மறைப்பு) தனியாகத்தான் வாங்க வேண்டும்.

பணம் கட்டுமுன் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கண் மட்டத்தில் ஒரு நிமிடம் பிடித்து, இறக்கி, மறுபடி பிடியுங்கள். பத்து முறை. 200–600 லென்ஸ் கிட்டத்தட்ட அந்தக் கனம்தான், கேமரா அதற்கு மேல்.

கேள்வி: கல்யாண வேலைக்கு சோனி 70–200 எஃப் 2.8 வைத்திருக்கிறேன். கை கடுக்கிறது. கேனனுக்கு மாறலாமா? – வாசகர், திருச்சி

பதில்: உங்களிடம் இருப்பது சோனியின் உயர்தர ஜிஎம் வரிசையின் முதல் தலைமுறை லென்ஸா என்று பாருங்கள். அது 1,480 கிராம். இரண்டாம் தலைமுறை 1,045 கிராம்தான். கேனன் ஆர்எஃப் 70–200 எஃப் 2.8 லென்ஸோ 1,070. லென்ஸை மட்டும் மாற்றினாலே 435 கிராம் இறங்கும். பாடி, ஃபிளாஷ் எல்லாவற்றையும் விற்றுக் கேனனுக்குப் போவதில் எடை லாபம் ஏதுமில்லை. கேனன் லென்ஸ் மடங்கியிருக்கும்போது குட்டையானது, பையில் நிமிர்த்தி வைக்கலாம். ஜூம் செய்தால் முன்பக்கம் நீண்டு கனம் அங்கே சாயும். சோனி லென்ஸ் நீளம் மாறாது. எதுவானாலும் தோளில் போடும் வாரை லென்ஸ் காலரில் மாட்டித் தொங்கவிடுங்கள், லென்ஸின் இழுவிசை மவுன்ட்டில் விழாது.