பூட்டுபவரே ஆறுதலும் சொல்ல முடியுமா?

கேள்வி: தம்பி சிறைக் காவலர் வேலையில் சேரப்போகிறான். பூட்டு, சோதனை, தலைக்கணக்கு ஒருபுறம். சிறைவாசிகளுக்கு ஆதரவாகவும் இருக்க வேண்டுமாம். இரண்டும் ஒருவரால் ஆகுமா?

பதில்: ஆகும். இரண்டையும் தனித்தனி வேலையாக நினைத்தால்தான் சிக்கல். தலைக்கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கை சரியா என்று மட்டும் பார்ப்பது பாதி வேலை. பெயர் சொல்லிக் கூப்பிட்டு, முகம் பார்த்து, பதில் வாங்க வேண்டும். கலகலப்பாக இருந்தவர் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாரா, சாப்பாட்டைத் தொடவில்லையா, தன் பொருள்களை அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டாரா? உடனே மேலதிகாரிக்கும் மருத்துவருக்கும் சொல்லி, பதிவேட்டிலும் எழுத வேண்டும். உள்ளே வந்த முதல் சில நாட்கள், தீர்ப்பு நாள், வீட்டிலிருந்து துக்கச் செய்தி வந்த இரவு ஆகியவற்றில் கூடுதல் கவனம் தேவை. 15 நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொன்னால், அந்த 15 நிமிடத்துக்குள் நேரத்தை மாற்றி மாற்றிப் போக வேண்டும். கடிகாரம் பிசகாமல் போனால் இடைவெளி உள்ளே இருப்பவருக்குத் தெரிந்துவிடும். தூங்குகிறவரின் மூச்சு ஏறி இறங்குவது தெரியும்வரை நிற்க வேண்டும்.

இப்படிப் பழகும் காவலரிடம்தான் அடிதடி மூளப்போகும் செய்தியும் முன்கூட்டியே வந்து சேரும். கேமரா அடி விழுந்த பிறகுதான் காட்டும்.

சறுக்குவது சலுகையில். "ஒரு கடிதம் மட்டும் வெளியே போட்டுடுங்க சார்" என்பதற்கு இணங்கினால், அடுத்த முறை அதையே காட்டி மிரட்டி, போன் கேட்பார்கள். ரகசியம் காப்பதாகவும் வாக்குக் கொடுக்கக் கூடாது. உயிருக்கு ஆபத்தென்றால் சொல்லியே தீர வேண்டும். மனுவுக்குப் பதில் வராவிட்டால், வரவில்லை என்பதையாவது போய்ச் சொல்ல வேண்டும். அலைக்கழிப்பதுதான் கோபத்தைக் கிளப்பும்.

கேள்வி: பலப்பிரயோகம்? உடல் சோதனை?

பதில்: சிறைவாசிகளை எப்படி நடத்த வேண்டும் என்று ஐ.நா. 2015-இல் ஏற்ற மண்டேலா விதிகளின்படி தற்காப்பு, தப்பும் முயற்சி, முறையான உத்தரவை உடலால் எதிர்ப்பது ஆகியவற்றுக்கே பலம் பயன்படுத்தலாம். தேவைக்கு மேல் ஒரு பிடிகூட கூடாது. உடனே சிறைத் தலைவருக்கு அறிக்கை போக வேண்டும். ஆடை களைந்து சோதிப்பது கட்டாயமானால், மறைவிடத்தில், பயிற்சி பெற்ற அதே பாலினத்தவர் செய்ய வேண்டும். என்ன செய்யப்போகிறோம் என்று முதலில் சொல்லி, மேலாடையைச் சோதித்துத் திருப்பிக் கொடுத்த பிறகே கீழாடை. சிறைவாசியின் அறையைச் சோதித்தால், குழந்தையின் போட்டோவை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். அதைத் தரையில் வீசிய காவலரிடம் அந்த பிளாக்கில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.