வேக்குருவுக்கு நுங்கு தேய்க்கலாமா? அக்கா பதில்கள்

கேள்வி: அக்கா, எனக்கு முக்கூடல் பக்கம், பீடி சுத்துதேன். சித்திரை பொறந்ததுல இருந்து கழுத்து, முதுகு, பாடிஸ் பட்டை படுத இடம் பூரா வேக்குரு, சுருக்சுருக்குன்னு குத்துது. ஃபேன் போட்டா சொளவுல (முறத்துல) உள்ள பீடித்தூள் பறக்கும், அதனால போடவும் முடியல. பவுடர் டப்பாதான் காலியாகுது. நுங்கு தேய்ச்சா போயிரும்னு மாமியார் சொல்லுதாங்க, நெசமா?

பதில்: பாதி நெசம் தங்கச்சி. வேர்வை வெளிய வர்ற ஓட்டை அடைச்சுப்போயி உள்ளயே கசிஞ்சு நிக்கதுதான் வேக்குரு, தோல் குளுந்து வேர்வை குறைஞ்சாலே அடைப்பு தானா விட்டுரும். நுங்கு அந்தக் குளுமையத்தான் குடுக்கு, அதுக்கு மேல பெரிய மந்திரமெல்லாம் அதுல இல்ல. முத்துன நுங்கா இருந்தா தின்ன நல்லா இருக்காது பாருங்க, அத உரிச்சு தண்ணியோட முதுகுல தேய்க்கலாம், ஆனா தேய்ச்ச கையோட சொளவ மடியில வச்சு உக்காந்துராதீங்க, அது இனிப்புத் தண்ணி, காஞ்சா பிசுபிசுன்னு இருக்கும், பீடித்தூள் அதுல போயி ஒட்டுனா அரிப்பு கூடத்தான் செய்யும். பத்து நிமிஷம் விட்டு பச்சத்தண்ணி ஊத்திக் கழுவிருங்க. நுங்கு இல்லாத நாளு துண்ட தண்ணியில முக்கிப் பிழிஞ்சு முதுகுல போட்டாலும் அதே வேலதான் நடக்கும், காசும் மிச்சம்.

பவுடர மொதல்ல நிறுத்துங்க. வேர்வையில குழைஞ்சு மாவாகி, அடைச்ச ஓட்டைய இன்னும் அடைக்கும். தேங்காண்ணெயும் அப்படித்தான், வேக்குரு மேல வேண்டாம். கத்தாழ வைக்கலாம், ஆனா வெட்டுன உடனே மஞ்சளா ஒரு பாலு வடியும்லா, அது பட்டா சில பேருக்கு அதுவே அரிக்கும், சாய்ச்சு வச்சு அது பூரா வடிஞ்சப்புறம் கழுவிட்டு உள்ள இருக்க சோத்த மட்டும் எடுங்க. சந்தனம் கட்டையில உரசுனதுன்னா லேசா பூசலாம். எலுமிச்சம்பழம், சோடா உப்பு, நலங்கு மாவு போட்டு பரபரன்னு தேய்க்கது, இதெல்லாம் புண்ணாக்கி விட்டுரும். மருந்துக்கடையில காலமைன் லோஷன்னு ரோஸ் கலர்ல இருக்கும், அரிப்புக்கு அது பரவாயில்ல.

ஃபேனுக்கு ஒரு வழி இருக்கு. டேபிள் ஃபேன தரையில முதுகுக்குப் பின்னால வச்சு மெதுவா ஓட விடுங்க, உங்க உடம்பே சொளவுக்கு மறைப்பு. அந்த பாலியஸ்டர் நைட்டிய மழைக்காலத்துக்கு எடுத்து வச்சுட்டு பருத்தியில தொளதொளன்னு போடுங்க. வேல முடிஞ்சதும் கழுத்த நல்லா கழுவணும். குருவுல சீழ் கோத்தா, வேனக்கட்டி மாதிரி வீங்கி வலிச்சா வீட்டு வைத்தியத்த விட்டுட்டு டாக்டர்ட்ட போங்க.

கேள்வி: வள்ளியூர்ல இருந்து எழுதுதேன். கிரவுண்டுல ஓடுனாலோ வெயில்ல நடந்தாலோ உடம்பெல்லாம் ஊசி குத்துத மாதிரி இருக்கு, சின்னச் சின்னதா தடிப்பு வருது, அரை மணி நேரத்துல காணாமப் போயிருது. அம்மா மிளகும் வெத்தலையும் கொதிக்க வச்சு சூடா குடுக்காங்க. சரிதானா?

பதில்: தம்பி, இது வேக்குரு இல்ல. வேக்குரு வந்தா நாள்கணக்குல நிக்கும், வந்த தடம் தெரியாம போறது காணாக்கடி சாதி. உடம்பு சூடாகி வேர்க்க ஆரம்பிச்சாலே சில பேருக்கு இப்படி தடிக்கும், சுடுதண்ணிக் குளியல், காரம், ஏன் பரீட்சை பயம் கூட கெளப்பி விடும். இப்ப யோசிங்க, சூட்டுக்கும் காரத்துக்கும் தடிக்குத உடம்புக்கு மிளகுக் கஷாயத்த சுடச்சுட குடுத்தா என்ன ஆகும்? அம்மாவ குத்தம் சொல்லல, எல்லாக் காணாக்கடிக்கும் நம்ம ஊர்ல அதத்தான் குடுப்பாங்க. தடிச்சதும் நிழலுக்கு வந்து சட்டையக் கழத்தி ஈரத்துண்டு போடுங்க, சொறியாதீங்க, பச்சத்தண்ணியில குளிங்க. அடிக்கடி வந்தா டாக்டர்ட்ட கேட்டா அலர்ஜி மாத்திரை குடுப்பாங்க, அது நல்லாவே கேக்கும். மூலிகைதான் வேணும்னா பாளையங்கோட்டையில 1964-ல இருந்து அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கு, ஆஸ்பத்திரியும் உண்டு, அங்க காட்டிட்டு சாப்பிடுங்க. உதடு, கண்ணு வீங்குனாலோ மூச்சு முட்டுனாலோ தலை சுத்துனாலோ ஒரு நிமிஷம் கூட வீட்ல நிக்காதீங்க.

கேள்வி: 4 மாசக் கொழந்தைக்கு கழுத்து மடிப்புல வேக்குரு. மாமியார் எண்ணெய் தேய்ச்சு பவுடர் போடணும்ங்காங்க.

பதில்: பவுடர் கண்டிப்பா வேண்டாம், மூச்சுல ஏறும். எண்ணெய்க்கு மாமியார்ட்ட சண்டைக்கு நிக்காண்டாம், கொஞ்ச நாளைக்கு மட்டும் விட்டுருவோம் அத்தைன்னு சொல்லிப் பாருங்க, கேக்கலன்னா குளிக்க முன்னாடி லேசா தேய்ச்சுட்டு முழுசா போறாப்ல குளிப்பாட்டிருங்க. மடிப்புல ஈரம் நிக்காம ஒத்தி எடுங்க, துணியில சுத்தி வைக்காதீங்க. குளுமைன்னு சொல்லி நுங்குத் தண்ணிய வாயில ஊத்திராதீங்க, 6 மாசம் வரைக்கும் தாய்ப்பால்தான், வெயிலுக்கு அடிக்கடி குடுத்தா போதும். காய்ச்சல் அடிச்சாலோ பிள்ள பால் குடிக்காம கெடந்தாலோ அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டுப் போயிருங்க.