டெர்மினல் சர்வர்: செட்டிங்கைத் தொடும் முன் கேபிளைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் சர்வர் அறைக்கு 16 போர்ட் டெர்மினல் சர்வர் (பல சாதனங்களின் கன்சோலை, அதாவது நிர்வாகத்துக்கான சீரியல் சாக்கெட்டை, நெட்வொர்க் வழியாக எட்டித்தரும் பெட்டி) ஒன்று புதிதாக வந்திருக்கிறது. ஆறு சிஸ்கோ ஸ்விட்சுகள், ஒரு சிஸ்கோ ரவுட்டர், மூன்று லினக்ஸ் சர்வர்கள் ஆகியவற்றின் கன்சோலை அதில் இணைத்தேன். ஸ்விட்சுகளில் திரை வெறுமையாகவே இருக்கிறது. லினக்ஸ் சர்வர்களில் புரியாத குறிகள் கொட்டுகின்றன. ரவுட்டரிலோ யாரும் தொடாமலே லாகின் தோல்விகள் பதிவாகின்றன. பெட்டியை மாற்றித் தரச் சொல்லவா?

பதில்: வேண்டாம். மூன்றுக்கும் காரணம் வேறு வேறு, மூன்றும் நீங்களே சரிசெய்யக்கூடியவை.

ரவுட்டரில் லாகின் முயற்சி பதிவாகிறது என்றால், அந்தக் கேபிள் வழியாக எழுத்துகள் போய்ச் சேர்கின்றன. அதாவது அந்தக் கேபிள் சரி. சிஸ்கோ ரவுட்டருக்கும் ஸ்விட்சுக்கும் ஆர்ஜே-45 கன்சோல் பின் அமைப்பு ஒன்றுதான். ஆகவே அந்தக் கேபிளைக் கழற்றி ஒரு ஸ்விட்சில் போட்டுப் பாருங்கள். எழுத்து வந்தால் மற்றவற்றுக்கும் அதே போன்ற கேபிள்தான் தேவை.

கன்சோல் சாக்கெட் ஈத்தர்நெட் போலத் தெரிந்தாலும் அதில் ஓடுவது ஆர்எஸ்-232 என்ற சீரியல் தொடர்பு முறை. சிஸ்கோவில் 3-ஆம் பின் அனுப்பும், 6-ஆம் பின் வாங்கும், 4-உம் 5-உம் கிரவுண்ட். டெர்மினல் சர்வரிலும் 3-ஆம் பின்னே அனுப்பினால் ரோல்ஓவர் கேபிள் (கம்பி வரிசை மறுமுனையில் தலைகீழாக இருப்பது) வேண்டும். அங்கே 6-ஆம் பின் அனுப்பினால் சாதாரண ஈத்தர்நெட் கேபிளான பேட்ச் கார்டு போதும். இரண்டு முனைகளையும் ஒரே பக்கமாகத் திருப்பி அருகருகே பிடியுங்கள்: வண்ண வரிசை ஒன்றாக இருந்தால் பேட்ச் கார்டு, அப்படியே தலைகீழாக இருந்தால் ரோல்ஓவர்.

சந்தேகம் தீராவிட்டால் மல்டிமீட்டர் தீர்த்துவிடும். பேட்ச் கார்டின் ஒரு முனையை ஸ்விட்சின் கன்சோலில் செருகுங்கள். மறுமுனையைக் கிளிப் கீழே, உலோகப் பட்டைகள் மேலே, கேபிள் உங்கள் பக்கம் என்று பிடித்தால் இடது ஓரத்தில் இருப்பது 1-ஆம் பின். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை 4-இலும் சிவப்பை 3-இலும், பிறகு 6-இலும் வையுங்கள். சும்மா இருக்கும் ஆர்எஸ்-232 அனுப்பு கம்பியில் மைனஸ் 5 முதல் மைனஸ் 15 வோல்ட் வரை காட்டும். வாங்கும் கம்பியில் ஏறக்குறைய பூஜ்யம். டெர்மினல் சர்வர் பக்கமும் இப்படியே அளந்து, கையேட்டிலுள்ள பின் பட்டியலோடு ஒப்பிடுங்கள். இரு பக்கமும் ஒரே பின்னில் மைனஸ் காட்டினால் ரோல்ஓவர்தான்.

லினக்ஸ் சர்வர்களில் குப்பை எழுத்து வருவது பெரும்பாலும் வேகப் பொருத்தமின்மை. சிஸ்கோ கன்சோல்கள் இயல்பாக நொடிக்கு 9600 பிட் வேகத்தில் பேசும். லினக்ஸ் சர்வர்களில் பலர் 115200 வைத்திருப்பார்கள். பயாஸ், க்ரப் (லினக்ஸை ஏற்றும் பூட்லோடர்), கெர்னல், லாகின் தரும் கெட்டி நிரல் ஆகிய நான்கு இடங்களிலும் ஒரே வேகம் இருக்க வேண்டும். ஒன்று மாறினாலும் பூட் ஆகும்போது பாதி தெளிவாகவும் பாதி குப்பையாகவும் வரும். மற்றவை 8 பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட். ஃப்ளோ கன்ட்ரோலை (மறுபக்கம் தயாரா என்று பார்த்து அனுப்பும் முறையை) இரு பக்கமும் அணைத்துவிடுங்கள். டெர்மினல் சர்வர் பக்கம் மட்டும் ஹார்டுவேர் ஃப்ளோ கன்ட்ரோல் இருந்தால் எழுத்து வரும், தட்டினால் போகாமல் நிற்கலாம்.

ரவுட்டரில் நடப்பது இரண்டு இயந்திரங்களின் வாக்குவாதம். டெர்மினல் சர்வரின் அந்தப் போர்ட் தானும் லாகின் கேட்கும் நிலையில் இருக்கிறது. அது அனுப்பும் வரியை ரவுட்டர் பயனர்பெயர் என்று எடுத்துக்கொண்டு பாஸ்வேர்டு கேட்கிறது. அந்தக் கேள்வியை டெர்மினல் சர்வர் பயனர்பெயராக எடுத்துக்கொள்கிறது. போர்ட்டைக் 'கன்சோல் சர்வர்' நிலைக்கு மாற்றினால் அடங்கும். சிஸ்கோ ரவுட்டரையே டெர்மினல் சர்வராக வைத்திருப்பவர்கள் லைன் அமைப்பில் 'நோ எக்ஸெக்' கொடுக்க வேண்டும்.

இனி நெட்வொர்க் பக்கம். நிலையான ஐபி முகவரி, கேட்வே, என்டிபி (கடிகாரத்தைச் சரியாக வைக்கும் சேவை) கொடுத்து, ஆலைப் பாஸ்வேர்டை மாற்றி, டெல்நெட்டை அணைத்து எஸ்எஸ்ஹெச் மட்டும் விடுங்கள். ஒவ்வொரு சீரியல் போர்ட்டுக்கும் ஒரு டிசிபி எண் உண்டு. ஓப்பன்கியர் நிறுவனத்தின் பெட்டிகளில் எஸ்எஸ்ஹெச்சுக்கு 3000-உடன் போர்ட் எண்ணைக் கூட்ட வேண்டும், ஏழாவது போர்ட்டுக்கு 3007. சிஸ்கோவில் டெல்நெட்டுக்கு 2000-உடன் லைன் எண். ஃபயர்வாலில் இவற்றை நிர்வாகக் கணினிகளுக்கு மட்டும் திறந்தால் போதும்.

பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று இருக்கிறது. டெர்மினல் சர்வரின் ஈத்தர்நெட் கேபிளை, அது கண்காணிக்கும் ஸ்விட்சிலேயே செருகிவிடுகிறார்கள். அந்த ஸ்விட்ச் படுத்தால் இதுவும் போச்சு. தனி இணைய இணைப்பு, தனிச் சிறு ஸ்விட்ச், யுபிஎஸ் மின்சாரம் ஆகிய மூன்றையும் இதற்கென்று ஒதுக்குங்கள். 4ஜி மோடம் வைத்தால், மொபைல் நிறுவனங்கள் பொதுவாகப் பொது ஐபி தருவதில்லை என்பதால் வெளியிலிருந்து நேரடியாக நுழைய முடியாது. டெர்மினல் சர்வரே உங்கள் அலுவலக விபிஎன்னுக்கு உள்ளிருந்து இணைப்பு போடும்படி அமையுங்கள்.

வேலை முடிந்ததும் ஜன்னலை மட்டும் மூடாமல், கன்சோலிலிருந்து முறையாக லாக்அவுட் செய்யுங்கள். இல்லையேல் அடுத்து வருபவர் கையில் உங்கள் நிர்வாக உரிமை அப்படியே திறந்து கிடக்கும். சிஸ்கோவில் எக்ஸெக் டைம்அவுட் (சும்மா இருந்தால் தானாக வெளியேற்றும் நேரம்) இயல்பாக 10 நிமிடம். அதை யாரும் பூஜ்யமாக்கி, தானாக வெளியேறாதபடி வைத்திருக்கிறார்களா என்று ஸ்விட்ச் ஸ்விட்சாகப் பாருங்கள்.

கடைசியாக, வேலை நேரம் அல்லாத ஒரு நாளில் டெர்மினல் சர்வரையும் ரவுட்டரையும் ஒன்றாக அணைத்து ஏற்றிப் பாருங்கள். சில டெர்மினல் சர்வர்கள் உயிர்பெறும்போது பிரேக் சிக்னல் (இயங்குவதை இடைமறிக்கும் சீரியல் சைகை) அனுப்பும். சிஸ்கோ ரவுட்டர் பூட் ஆகும் முதல் நிமிடத்தில் அது போய்ச் சேர்ந்தால் ரவுட்டர் முழுதாக ஏறாமல் ராம்மான் என்ற மீட்பு நிலையில் நின்றுவிடும். உங்கள் பெட்டி அப்படிச் செய்கிறதா என்பது மின்வெட்டு இரவில் தெரிவதைவிட அன்றே தெரியட்டும்.